மூளைப் படச் செய்திகளோடு ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பொய் சொல்லும்போது மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது’, ‘இனிப்பைப் பார்த்ததும் இந்த இடம் விழித்துக்கொள்கிறது’ என்ற வகைச் செய்திகள் நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. சாம்பல் நிற மூளையின் மேல் ஆரஞ்சும் மஞ்சளுமாய்த் திட்டுகள் உள்ள படமும் கூடவே வரும். அந்தத் திட்டு தற்செயலாக விழுந்ததா இல்லையா என்று பார்க்க ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்பது மட்டும் செய்தியில் இருப்பதே இல்லை. அதை ஒரே ஒரு வரியாகவாவது சேர்த்து வெளியிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். கடிதம் நீளமாக இருப்பதற்குப் பொறுத்தருள்க. காரணத்தைச் சொல்லாமல் கேட்டால் கோரிக்கை விளங்காது.

இந்தப் படங்களை எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ என்ற காந்தக் கருவி நரம்பணுக்கள் வேலை செய்வதை நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. ஓரிடத்தில் நரம்பணுக்கள் சுறுசுறுப்பானால் அங்கே இரத்த ஓட்டம் கூடும். ஆக்சிஜன் ஏறிய இரத்தத்துக்கும் இறங்கிய இரத்தத்துக்கும் காந்தத் தன்மை வேறு. ஜப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டிய இந்த வேறுபாட்டைத்தான் கருவி அளக்கிறது. வழக்கமான 3 டெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) கருவியில் இந்த மாற்றம் பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடுதான், பல வேளைகளில் அதற்கும் குறைவு. தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், மூச்சு இழுத்துவிட்டாலும், இதயம் துடித்தாலும் அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் பதிவாகிவிடும். எனவே எங்கே உண்மையான மாற்றம், எங்கே வெறும் இரைச்சல் என்று பிரிக்கப் புள்ளியியல் சோதனை வேண்டியிருக்கிறது.

சிக்கல் அந்தச் சோதனையின் எண்ணிக்கையில் இருக்கிறது. மூளையை வோக்சல் எனப்படும் சிறு கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தால், பரவலாகப் பயன்படும் பொது மூளை வரைபடத்தில் சுமார் 2,28,000 வோக்சல்கள் வரும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒரு சோதனை நடக்கும். அதன் முடிவு பி-மதிப்பு என்ற எண்: அங்கே உண்மையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்லும். 0.05-க்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்பது பல துறைகளில் உள்ள வழக்கம். ஒரே ஒரு சோதனைக்கு அது சரி. 2,28,000 சோதனைகளுக்கு அதையே வைத்தால், மூளையில் எதுவுமே நடக்காதபோதும் சராசரியாக 11,400 வோக்சல்கள் வண்ணம் பூசிக்கொள்ளும். வரம்பை 0.001-க்கு இறக்கினாலும் 228 வோக்சல்கள் மிஞ்சும்.

0.001 என்பது கேட்பதற்குக் கடுமையான வரம்பு போலத் தெரியும். பத்து முறை பூவா தலையா போட்டுப் பத்து முறையும் தலையே விழ எவ்வளவு வாய்ப்போ, ஏறக்குறைய அதுதான் அது: 1,024-இல் ஒன்று. ஒருவர் மட்டும் போட்டு அப்படி விழுந்தால் நாணயத்தைச் சந்தேகிக்கலாம். இரண்டு லட்சம் பேர் போட்டால் இருநூறு பேருக்கு அப்படி விழத்தான் செய்யும். அந்த இருநூறு பேரை மட்டும் படம் பிடித்து அச்சிட்டால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? இத்தனை சோதனைகள் நடந்ததைக் கணக்கில் கொண்டு வரம்பைக் கடுமையாக்குவதைப் பன்மை ஒப்பீட்டுக்கான திருத்தம் என்பார்கள். அந்தத் திருத்தம் செய்யாத மூளைப் படம் அப்படித்தான் தயாராகிறது.

இதைக் கண்ணெதிரே காட்டியது ஒரு மீன். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இருந்த 1.5 டெஸ்லா கருவிக்குள், 18 அங்குல நீளமும் 3.8 பவுண்டு எடையும் உள்ள, செத்த அட்லாண்டிக் சால்மன் மீன் ஒன்றைக் கிரெய்க் பென்னட்டும் உடன் ஆய்வாளர்களும் வைத்தார்கள். மனிதர்களின் உணர்ச்சிகளைக் காட்டும் ஒளிப்படங்களை அதன் முன் காட்டி, படத்தில் உள்ளவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். மனிதர்களுக்கு எப்படிக் கணக்கிடுவார்களோ அப்படியே தரவைக் கணக்கிட்டார்கள். மீன் இருந்த பரப்பில் 8,064 வோக்சல்கள். 0.001 வரம்பு, குறைந்தது மூன்று வோக்சல் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இரண்டையும் தாண்டி 16 வோக்சல்கள் தேறின. அவற்றில் ஒரு திட்டு மீனின் மூளைக் குழிக்குள்ளேயே விழுந்தது, அளவு 81 கன மில்லிமீட்டர். பன்மை ஒப்பீட்டுக்கான திருத்தத்தைச் செய்ததும் ஒரு வோக்சல்கூட மிஞ்சவில்லை, வரம்பை 0.25 வரை தளர்த்திப் பார்த்தபோதும் மிஞ்சவில்லை. 2009-இல் சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ஒரு சுவரொட்டியாக வைக்கப்பட்ட இந்த ஆய்வுக்கு 2012-இல், சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிப்பை வரவழைத்தாலும் அந்த ஆய்வின் கேள்வி கூர்மையானது: அப்போது வெளிவந்த கட்டுரைகளில் கால் பங்கு முதல் நாற்பது விழுக்காடு வரை திருத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தன.

சரி, திருத்துவது எப்படி? மிக எளிய வழி இத்தாலியக் கணிதவியலாளர் போன்ஃபெரோனியின் பெயரில் வழங்குவது. 0.05-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2,28,000-ஆல் வகுத்தால் 0.00000022 வரும். அதாவது வோக்சலின் இசட் மதிப்பு (மாற்றம் இரைச்சலைவிட எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்; அது கூடக் கூட பி-மதிப்பு குறையும்) 3.1-ஐத் தாண்டினால் போதும் என்றிருந்தது 5.05-ஐத் தாண்ட வேண்டும் என்றாகிவிடும். இருபது பேரை வைத்துச் செய்யும் ஆய்வில் உண்மையான விளைவுகளே பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டாது.

இந்த வழி தேவைக்கு மேல் கடுமையாவதற்குக் காரணம், பக்கத்துப் பக்கத்து வோக்சல்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதே. மூளையின் அளவீடுகள் இயல்பாகவே அக்கம்பக்கத்தில் ஒத்துப்போகும். அதோடு, ஆளுக்கு ஆள் மூளை அமைப்பு சற்று மாறுவதைச் சமாளிக்க ஆய்வாளர்களே படத்தை 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கலாக்குவார்கள். இதைக் கணக்கில் கொள்ள, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் வொர்ஸ்லி 1992-இல் தற்போக்குப் புலக் கோட்பாட்டை மூளைப் படங்களுக்குக் கொண்டுவந்தார். வோக்சல்களை எண்ணாமல், படம் எவ்வளவு மழமழப்பாக இருக்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப உண்மையில் எத்தனை தனித்த பகுதிகள் உள்ளன என்று அது கணக்கிடும். இயல்பான ஒற்றுமையும் மங்கலாக்கியதும் சேர்ந்து மழமழப்பு 12 மில்லிமீட்டர் என்றால் 5.05 என்ற வரம்பு சுமார் 4.7-க்கு இறங்கும். சற்று நிம்மதி, அவ்வளவுதான்.

எனவே பெரும்பாலோர் திட்டு முறைக்குப் போனார்கள். முதலில் ஒரு தளர்வான வரம்பை வைப்பார்கள். அதைத் தாண்டிய வோக்சல்கள் ஒட்டிக்கொண்டு எத்தனை திட்டுகளாக நிற்கின்றன என்று பார்ப்பார்கள். வெறும் இரைச்சலில் இவ்வளவு பெரிய திட்டு தோன்றுமா என்று கேட்டு, தோன்றாது என்றால் திட்டு முழுவதையும் ஏற்பார்கள். பரந்து கிடக்கும் மெல்லிய விளைவைப் பிடிக்க இது நல்ல வழி. கோளாறு வந்ததும் இங்கேதான். விரிவாகச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் நீங்கள் அச்சிடும் படங்களில் பல இம்முறையில் வந்தவை.

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எக்லண்ட், ஹான்ஸ் க்னூட்சன், இங்கிலாந்தில் பணியாற்றிய தாமஸ் நிக்கோல்ஸ் ஆகியோர் 2016-இல் ஒரு சோதனை செய்தார்கள். கருவிக்குள் எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமானவர்களின் பொதுத் தரவை எடுத்துக்கொண்டார்கள். நடக்காத ஒரு பணியை நடந்ததாகப் பாவித்து, ஆட்களைச் சிறு குழுக்களாக மாற்றி மாற்றிச் சேர்த்து, ஏறத்தாழ 30 லட்சம் குழு ஆய்வுகளைக் கணினியில் ஓட்டினார்கள். உண்மையான விளைவு எதுவும் இல்லாததால் நூற்றில் ஐந்து ஆய்வுகளில் மட்டுமே ஏதாவது ஒரு திட்டு தேற வேண்டும். எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஏஎஃப்என்ஐ என்று உலகமே பயன்படுத்தும் மூன்று மென்பொருள்களிலும் திட்டு முறை சறுக்கியது. மோசமான நிலையில் நூற்றுக்கு எழுபது வரை போனது.

ஏன்? இரண்டு காரணங்கள். தொலைவு கூடக் கூட வோக்சல்களுக்கு இடையிலான ஒற்றுமை மணிவடிவ வளைவைப் போல விரைவில் மறைந்துவிடும் என்று கோட்பாடு எடுத்துக்கொண்டது. உண்மைத் தரவில் அந்த ஒற்றுமை நீண்ட வால் விட்டு நிற்கிறது. ஆகவே இரைச்சலே கோட்பாடு எதிர்பார்ப்பதைவிடப் பெரிய திட்டுகளை உண்டாக்குகிறது. அடுத்து, மழமழப்பு மூளை முழுதும் ஒரே சீராக இருக்கும் என்று கொண்டார்கள். அது இடத்துக்கு இடம் மாறுகிறது. மழமழப்பு மிகுந்த இடத்தில் பொய்த் திட்டு பெரிதாக வளரும். முதல் வரம்பைத் தளர்த்தும்போது இந்த இரண்டு குறைகளும் பெருகும். 0.01 என்று வைத்தவர்களுக்குத்தான் பெருஞ்சேதம். 0.001 என்று வைத்தால் பிழை 5 விழுக்காட்டை நெருங்கி வந்தது, ஆனாலும் பல இடங்களில் அதற்கு மேலேயே நின்றது. இதற்குத் தனியாக, ஏஎஃப்என்ஐ மென்பொருளில் எவ்வளவு பெரிய திட்டை ஏற்கலாம் என்று கணக்கிடும் நிரலில் பதினைந்து ஆண்டுகள் யாரும் கவனிக்காத ஒரு பிழையும் இருந்தது. தேவையான திட்டின் அளவை அது குறைத்துக் காட்டியது. 2015 மே மாதம் அதைத் திருத்தினார்கள்.

எக்லண்ட் குழுவின் கட்டுரை வந்தபோது உலகப் பத்திரிகைகள் ‘40,000 ஆய்வுகள் செல்லாதவை’ என்று தலைப்பிட்டன. அந்த எண் கட்டுரையிலேயே இருந்த ஒரு கவனக்குறைவான வாக்கியத்திலிருந்து வந்தது. எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகளின் மொத்த எண்ணிக்கை அது. பிறகு அந்த வாக்கியத்தை அவர்களே திருத்தி வெளியிட்டார்கள். தளர்வான வரம்போடு திட்டு முறையைப் பயன்படுத்திய ஆய்வுகள் சுமார் 3,500 இருக்கலாம் என்பது நிக்கோல்ஸ் பின்னர் போட்ட மதிப்பீடு. திருத்தமே செய்யாதவை ஏறத்தாழ 13,000 என்றும் அவர் கணக்கிட்டார். பிந்திய எண்தான் எனக்குக் கவலை தருவது. மென்பொருள் குறையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவில்லை.

திட்டு முறையின் வேறொரு வேடம், ‘0.001, குறைந்தது 10 வோக்சல்’ அல்லது ‘0.005, குறைந்தது 10 வோக்சல்’ என்ற கைக்கணக்கு. முறையான திருத்தம் போலவே தோன்றும். ஆனால் அந்தப் பத்து எந்தக் கணக்கிலிருந்தும் வந்ததில்லை. 2 மில்லிமீட்டர் வோக்சலானால் பத்து வோக்சல் 80 கன மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டரானால் 270. ஒரே விதி, மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு. 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கலாக்கிய படத்தில் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் உள்ள ஒரு சின்னக் கட்டியே 512 கன மில்லிமீட்டர் இருக்கும். இரைச்சல் ஓரிடத்தில் தலைதூக்கினாலே அக்கம்பக்கத்து வோக்சல்களையும் இழுத்துக்கொண்டு பத்தை எளிதில் தாண்டிவிடும். எக்லண்ட் குழு இந்தக் கைக்கணக்கையும் 0.001, 80 கன மில்லிமீட்டர் என்று வைத்துச் சோதித்தது. பொய் முடிவு வந்த ஆய்வுகள் நூற்றுக்கு அறுபது முதல் தொண்ணூறு.

இன்று எங்கள் துறையான மூளைப் படப் புள்ளியியலில் நம்பகமானதாகக் கருதப்படுவது வரிசைமாற்றச் சோதனை. இது எந்தக் கோட்பாட்டு வளைவையும் நம்பியிருப்பதில்லை. கையில் உள்ள தரவையே மாற்றி மாற்றிப் போட்டுத் தற்செயல் எப்படியிருக்கும் என்று அளந்துகொள்கிறது. இருபது பேரின் படங்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் ‘பணியின்போது கழித்தல் ஓய்வின்போது’ என்ற வேறுபாடு உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கு விளைவே இல்லையென்றால் அந்த வேறுபாட்டின் முன்னே கூட்டல் குறி இருந்தாலும் கழித்தல் குறி இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே சிலருடைய படங்களின் குறியைக் குருட்டுவாக்கில் புரட்டிப் போட்டு, குழுச் சோதனையை மூளை முழுதும் மறுபடி ஓட்ட வேண்டும். கிடைத்த படத்தில் மிகப் பெரிய மதிப்பை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும், மற்றதைத் தூக்கி எறிந்துவிடலாம். திட்டு முறையானால் மிகப் பெரிய திட்டின் அளவைக் குறிக்க வேண்டும். இதை 10,000 முறை செய்து அந்தப் பத்தாயிரம் எண்களை வரிசைப்படுத்தினால், 9,500-வது எண்தான் வரம்பு. உண்மைப் படத்தில் அதைத் தாண்டியவை மட்டும் தேறும். ஒவ்வொரு முறையும் மூளை முழுவதிலும் உள்ள உச்சத்தையே எடுப்பதால், எத்தனை வோக்சல், எவ்வளவு மழமழப்பு என்ற கேள்விகள் தாமாகவே கணக்கில் வந்துவிடுகின்றன.

இருபது பேருக்கு இரண்டின் இருபதாம் அடுக்கு, அதாவது 10,48,576 குறிமாற்றங்கள் உண்டு. அதில் பத்தாயிரத்தை எடுத்தால் போதும். ஐந்தே பேர் என்றால் மொத்தமே 32 மாற்றங்கள்தான், கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பே 0.031. அத்தகைய ஆய்வில் 0.001 என்று யாராவது எழுதியிருந்தால் அது இம்முறையில் வந்திருக்க முடியாது. எண்ணிக்கையைக் குறைத்து ஓட்டுவதும் தவறுக்கு வழி: 1,000 முறை மட்டும் ஓட்டினால் 0.05-ஐ ஒட்டிய மதிப்பு 0.036 முதல் 0.064 வரை ஆடும். இம்முறைக்கும் குறை உண்டு. ஆட்களின் வேறுபாடுகள் பூச்சியத்தின் இருபுறமும் சமச்சீராகப் பரவியிருக்க வேண்டும். ஒருபுறம் சாய்ந்திருந்தால், எக்லண்ட் குழுவே கண்டதுபோல, ஒற்றைக் குழுச் சோதனையில் இதுவும் பிசகும். ஒரே ஆளின் கால வரிசைத் தரவைக் கலைத்துப்போட இம்முறையை அப்படியே பயன்படுத்தவும் கூடாது, ஏனென்றால் அடுத்தடுத்த நொடிகளின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை.

எஃப்டிஆர் (பொய் முடிவுகளின் விகிதம்) என்ற இன்னொரு வழியும் செய்திகளில் எட்டிப்பார்க்கும். பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995-இல் தந்தது, 2002-இல் மூளைப் படங்களுக்கு வந்தது. மூளையில் ஒரு பொய்கூட வரக்கூடாது என்று இது கேட்பதில்லை. தேறியவற்றில் சராசரியாக ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பொய் இருக்கக்கூடாது என்று மட்டுமே கேட்கிறது. நியாயமான பேரம்தான், ஆனால் படித்துப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கண் முன் படம் காட்டும் ஆய்வில் பின்மண்டைப் பார்வைப் புறணி மட்டுமே 2,000 வோக்சல்களைத் தேற்றிவிட்டால், அந்தக் கணக்கில் சுமார் நூறு பொய் வோக்சல்கள் வேறெங்கோ ஒரு மூலையில் இடம்பிடிக்க வழி கிடைத்துவிடும். செய்தித் தலைப்பு அந்த மூலையைப் பற்றியதாக இருந்தால் ஐந்து விழுக்காடு என்ற உறுதி அதற்குப் பொருந்தாது.

திருத்தம் முறையாகச் செய்த கட்டுரையிலும் அது எட்டாத இடங்கள் இருக்கின்றன. மேற்சொன்ன எல்லா முறைகளும் ஒரே ஒரு படத்துக்குள் உள்ள வோக்சல்களுக்காக மட்டும். ‘படம் பார்த்தபோது’, ‘சொல் கேட்டபோது’, ‘ஆண்களில்’, ‘பெண்களில்’ என்று பன்னிரண்டு ஒப்பீடுகளைச் செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே 5 விழுக்காட்டுக்குத் திருத்தினால், ஏதாவது ஒன்றில் பொய்த் திட்டு வர 46 விழுக்காடு வாய்ப்பு. செயல்பாடு கூடியதா என்று ஒன்றும் குறைந்ததா என்று ஒன்றுமாக இரண்டு ஒருபக்கச் சோதனைகளை ஓட்டுவது வெகு சாதாரணம், அதிலேயே 5 விழுக்காடு 10 ஆகிவிடுகிறது.

சிறு பரப்புத் திருத்தம் என்பதை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற சிறு மூளைப் பகுதியைப் பற்றி மட்டும்தான் கேள்வி என்றால், மூளை முழுதும் தேடிய தண்டனையை ஏன் சுமக்க வேண்டும்? 8 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்துக்குள் மட்டும் தேடினால் 268 வோக்சல்கள்தான், போன்ஃபெரோனி வரம்பே 5.05-இலிருந்து 3.56-க்கு இறங்கிவிடும். தரவைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கோளத்தை எங்கே வைப்பது என்று எழுதி வைத்திருந்தால் இது முற்றிலும் நேர்மையான முறை, நானும் பரிந்துரைப்பேன். முதலில் மூளை முழுதும் திருத்தமில்லாமல் பார்த்து, எங்கே வண்ணம் தெரிகிறதோ அங்கே கோளத்தை வைத்து, ‘எங்கள் எதிர்பார்ப்பும் இதுவே’ என்று எழுதினால் திருத்தம் அத்தனையும் வீண். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே வரியாகத்தான் தெரியும். வேறுபாட்டைக் காட்டுவது, தரவைப் பார்க்கும் முன்பே திட்டத்தை எழுதிப் பதிந்துவைக்கும் முன்பதிவு ஆவணம் மட்டுமே. இதே தவறின் மறுமுகம் 2009-இல் எட்வர்ட் வூல் முதலியோர் எழுப்பிய விவாதம்: வலுவான வோக்சல்களைப் பொறுக்கி எடுத்து, அதே தரவில் அவற்றுக்கும் ஆட்களின் குணத்துக்கும் உள்ள தொடர்பின் அளவைச் சொன்னால், உச்சம் 1 என்ற அளவுகோலில் 0.8 போன்ற நம்பமுடியாத எண்கள் வரும். பொறுக்கியதே அந்த எண்ணை உயர்த்திவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே, ஆய்வாளர் எடுக்கும் முடிவுகள். 2012-இல் ஜோஷுவா கார்ப் ஒரே தரவை நியாயமான 6,912 வழிகளில் அலசிக் காட்டினார். 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த பெரிய ஆய்வில் 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. ஒரு கருதுகோளுக்கு 84 விழுக்காட்டுக் குழுக்கள் ஆம் என்றன, மூன்றுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டும், மீதி ஐந்தில் 21 முதல் 37 விழுக்காடு வரை. படத்தின் மழமழப்பு, மென்பொருள், திருத்த முறை ஆகியவை முடிவை மாற்றியவற்றில் அடங்கும். வரம்பு வைத்து வெட்டுவதற்கு முந்திய படங்களை ஒப்பிட்டபோதோ குழுக்களுக்கிடையே கணிசமான ஒற்றுமை இருந்தது. வெட்டும் இடத்தில்தான் பாதை பிரிகிறது.

கடுமை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இருபது பேர் ஆய்வில் போன்ஃபெரோனியைத் திணித்தால் உண்மையான விளைவுகளும் மறைந்துபோகும், நோயாளிகள் குறைவாகவே கிடைக்கும் அரிய நோய்களில் அது பெரிய இழப்பு. வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று வாதாடுபவர்கள் இந்த இழப்பைத்தான் சுட்டுகிறார்கள், அது நியாயமே. அதற்கு மருந்து கூடுதல் ஆட்கள், முன்பே வரையறுத்த சிறு பரப்பு, புதிய ஆட்களிடம் மறு ஆய்வு. தளர்வான வரம்பில் கிடைத்ததை ‘ஆரம்பநிலை முடிவு’ என்று வெளிப்படையாக எழுதி வெளியிட்டாலும் தவறில்லை. அந்தச் சொல் செய்தியாகும்போது காணாமல் போவதுதான் என் முறையீடு.

இனி தங்கள் அறிவியல் பக்கத்தைத் தயாரிப்பவர்களுக்கு. கட்டுரையின் வழிமுறைப் பகுதியில் புள்ளியியல் பற்றிய பத்தி ஒன்று இருக்கும், பெரும்பாலும் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. ‘திருத்தப்படாத’ என்று பொருள்படும் சொல் பி-மதிப்பின் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடலாம். திட்டு முறையானால் முதல் வரம்பு 0.001-ஆ அல்லது 0.01-ஆ என்பது அங்கேயே எழுதியிருக்கும். எழுதவில்லையென்றால் அதுவே எச்சரிக்கை. பிறகு படத்தின் ஓரத்தில் உள்ள வண்ணப் பட்டையைப் பாருங்கள். அது எந்த இசட் மதிப்பில் தொடங்குகிறதோ அதுதான் வரம்பு. 2.3-இல் தொடங்கினால் தளர்வு, 3.1-இல் தொடங்கினால் இன்றைய வழக்கம், 5-ஐ ஒட்டினால் வோக்சல் வாரியான முழுத் திருத்தமாக இருக்க வாய்ப்புண்டு. பட்டையே இல்லாத படத்தை அச்சிடாதிருப்பது நல்லது. திட்டு முறையில் தேறிய பெரிய திட்டு ஒன்று மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் உள்ள இன்சுலா என்ற பகுதியில் தொடங்கி நெற்றிப் பகுதி வரை பரவியிருந்தால், அதற்குள் எங்கோ ஓரிடத்தில் விளைவு உண்டு என்று மட்டுமே சோதனை சொல்கிறது. ‘இன்சுலாதான்’ என்று தலைப்பிட அது இடம் தராது.

வெட்டப்படாத முழுப் படங்களை நியூரோவால்ட் என்ற பொது இணையக் களஞ்சியத்தில் பல ஆய்வாளர்கள் போட்டுவைக்கிறார்கள், யாரும் எடுத்துப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆய்வாளரின் மின்னஞ்சலும் இருக்கும். மூளை முழுதும் தேடினீர்களா, குறித்த பரப்பிலா, அந்தப் பரப்பை எப்போது முடிவு செய்தீர்கள், மொத்தம் எத்தனை ஒப்பீடுகள் செய்தீர்கள் என்று கேட்டால் முறையாகச் செய்தவர்கள் உடனே பதில் தருவார்கள்.

இந்தத் தகவல் கிடைத்தபின் படத்தின் கீழே அச்சிட நான் கேட்கும் வரி இப்படி இருக்கலாம்: ‘30 பேரின் தொகுப்பு முடிவு. மூளை முழுதும் தேடி, வரிசைமாற்றச் சோதனையில், மொத்தத்துக்கும் 5 விழுக்காடு பிழை வரம்பில் தேறிய பகுதிகளுக்கு மட்டும் வண்ணம் தரப்பட்டுள்ளது.’ திருத்தம் இல்லாத ஆய்வானால்: ‘16 பேரின் ஆரம்பநிலை முடிவு. பன்மை ஒப்பீட்டுக்குத் திருத்தப்படவில்லை, வேறு ஆட்களிடம் இன்னும் சோதிக்கப்படவில்லை.’ இரண்டாவது வரியை அச்சிட நேரும் செய்திகளைத் தலைப்புச் செய்தியாக்காமல் பக்கத்தின் உள்ளே, படமில்லாமல், சிறு பத்தியாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூளைப் படப் புள்ளியியலில் பணிபுரியும் வாசகர்